கூடாரத்தில் முதலில் சிரித்தவள்

ஆலோசக ஆசிரியர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, பேனாவை மூடி வையுங்கள். எந்தப் பாரத்தை எப்படி நிரப்புவது, எந்தக் கோப்பு எந்த அலமாரிக்கு, புகாருக்கு எத்தனை நகல் என்பதையெல்லாம் காலையில் இரண்டு மணி நேரம் திரையில் போட்டுக் காட்டிவிட்டார்கள். உங்களில் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியதைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேச என்னைக் கூப்பிட்டதற்கு ஒரே காரணம்தான். நான் பேசும் இடத்தில் யாரும் தூங்க முடியாது, என் சிரிப்பு அப்படி.

என் சிரிப்பைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் குற்றவாளிகளில் அதுவும் ஒன்று. விக்கல் மாதிரி இரண்டு வரும். அப்புறம் மூச்சு நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் பயந்துபோய்த் தண்ணீர் தேடுவார்கள். அவர்கள் பாட்டிலைத் திறப்பதற்குள் வெடித்துவிடும். எங்கள் வீட்டில் எல்லாருமே இப்படித்தான். ஜோகூரில் பாலோ பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் பிள்ளைகள் ஆறு பேர். சாவு வீட்டுக்கு எங்களை அம்மா ஒன்றாக அனுப்பவே மாட்டார், இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்புவார். என் கல்யாணத்தில் தாலியை எடுத்துக் கொடுக்கும் நேரம் பார்த்து ஐயருக்கு அடுக்குத் தும்மல் வந்தது. நான் சிரித்த சிரிப்பில் தவில்காரர் கெட்டிமேளத்தை நிறுத்திவிட்டார். மாமியார் வீட்டில் இன்றைக்கும் அந்த வீடியோவைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தேர்வு மண்டபத்தில் காவலுக்குப் போட்டார்கள். இருநூறு பிள்ளைகள், ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. ஒரு பையனின் வயிறு நீளமாகக் கத்தியது. அவ்வளவுதான், நான் போய்விட்டேன். என்னைப் பார்த்து முதல் வரிசை சிரிக்க, இரண்டாவது வரிசை சிரிக்க, தலைமைக் கண்காணிப்பாளர் என்னைக் கையைப் பிடிக்காத குறையாக வெளியே கொண்டுபோய் நிறுத்தினார். பள்ளி முழுக்க எனக்கு ‘சிரிப்பு டீச்சர்’ என்று பேர் வந்தது அன்றைக்குத்தான். எனக்கு அதில் பெருமை வேறு. சிரிக்கிற டீச்சரிடம்தான் பிள்ளைகள் மனசு விட்டுப் பேசும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆலோசக ஆசிரியர் பதவிக்கு மனு போட்டபோதுகூட இதைத்தான் பெரிய தகுதியாக எழுதினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் பாலியல் தொல்லை என்று சொன்னதும் உங்கள் மனசில் ஒரு கெட்டவன் முகம் வரும். எங்கள் பள்ளிக்கு வந்த முகம் அப்படி இல்லை. அந்த முகத்தை எல்லாருக்கும் பிடிக்கும், எனக்கு ரொம்பவே பிடிக்கும்.

கூலாய் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளி. செடெனாக்கிலிருந்தும் சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் பேருந்தில் வருவார்கள். மலாய், சீனர், தமிழர் என மூன்று இனத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆசிரியர்களில் தமிழர்கள் நாங்கள் ஐந்தே பேர். அதில் ஒருவரை நாங்கள் ‘மைக் சார்’ என்று கூப்பிடுவோம். பேர் வேண்டாம், அதுவே போதும். தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் மைக் பிடிப்பார். ஆசிரியர் தினம், பரிசளிப்பு விழா, விளையாட்டுப் போட்டி எதுவானாலும் அறிவிப்பாளர் அவர்தான். சனி ஞாயிற்றில் ஜோகூர் பாரு வரைக்கும் கல்யாண மண்டபங்களில் அவருக்கு அழைப்பு உண்டு. ஆசிரியர் அறையில் அவர் வாயைத் திறந்தால் நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரிப்பேன். உங்க சிரிப்பு இல்லாத சபையில எனக்குப் பேச்சே வராது டீச்சர் என்பார். எனக்கும் உச்சி குளிர்ந்துவிடும்.

அந்த வருஷம் விளையாட்டுப் போட்டிக்கான தேர்வோட்டம் நடந்தது. திடல் ஓரத்தில் கூடாரம் போட்டு ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தோம். மைக் சார் மலாய் மொழியில் வர்ணனை செய்துகொண்டிருந்தார். பெண்கள் நூறு மீட்டரில் சிவப்பு இல்லத்துக்காகத் தர்ஷினி என்று இரண்டாம் படிவப் பிள்ளை ஓடினாள். பதினாலு வயது, ஒல்லி, பேச்சே வராது. ஆனால் ஓட ஆரம்பித்தால் மற்றப் பிள்ளைகள் நடக்கிற மாதிரி தெரியும். அவள் முடிவுக் கோட்டைத் தாண்டும் நேரத்தில் மைக் சார் மலாயிலிருந்து சட்டென்று தமிழுக்குத் தாவி, அவள் உடம்பைப் பற்றி ஒரு வரி சொன்னார்.

அந்த வரி என்னவென்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள், முகத்தில் தெரிகிறது. சொல்ல மாட்டேன். திருப்பிச் சொன்னால் அந்தப் பிள்ளையை மறுபடியும் திடலில் நிறுத்தி மறுபடியும் சொன்ன மாதிரி. இத்தனை வருஷத்தில் தேவைக்கு ஒரே ஒரு தடவை தாளில் எழுதினேன், அதோடு சரி.

நான் என்ன செய்தேன்? சிரித்தேன். சத்தியமாக அந்த வரி என் காதில் முழுசாக விழவில்லை. அவர் குரல் ஏறி இறங்குகிற விதத்திலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிடும், பழக்கதோஷம். விக்கல் இரண்டு, மூச்சு நின்றது, வெடித்தது. பக்கத்திலிருந்த தமிழ் ஆசிரியர்கள் சிரித்தார்கள். தமிழ் தெரியாத மலாய் ஆசிரியைகளும் சீன ஆசிரியர்களும் என் சிரிப்பைப் பார்த்துச் சிரித்தார்கள். கூடாரமே குலுங்கியது. மைக் சார் உற்சாகமாகி இன்னொரு வரி சேர்த்தார். தர்ஷினி கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு எங்களைப் பார்த்தாள். முதலாவதாக வந்த சந்தோஷத்தில் பார்க்கிறாள் என்று நினைத்து நான் கையை வேறு ஆட்டினேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் பயிற்சிக்கு வரவில்லை. பயிற்சி நாளில் வயிற்றுவலி என்று கிளினிக்கில் எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். மூன்று வாரத்தில் ஐந்து எம்.சி. சிவப்பு இல்லத்து ஆசிரியை என்னிடம் வந்து, இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன், வராவிட்டால் இறுதி ஓட்டத்திலிருந்து பேரை எடுத்துவிடுவேன் என்றார். இறுதி ஓட்டத்தில் முதல் இரண்டு பேர் மாவட்டப் போட்டிக்குப் போவார்கள். அந்தப் பிள்ளை ஒன்றாம் படிவத்திலிருந்தே அதற்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஆலோசக ஆசிரியை ஆயிற்றே, தர்ஷினியை அறைக்குக் கூப்பிட்டேன். இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், தடையில்லை. நான் அவளுக்கு நாற்பது நிமிஷம் ஊக்கமூட்டினேன். விடாமுயற்சி பற்றிப் பேசினேன். விழுந்து எழுந்த ஓட்டக்காரி ஒருத்தியின் வீடியோ காட்டினேன். சுவரில் ஒட்டியிருந்த ‘உன்னால் முடியும்’ படத்தைக் கையால் தட்டிக் காட்டினேன். அவள் “ஓகே டீச்சர்” என்று பதினோரு தடவை சொன்னாள். போகும்போது சாவிக்கொத்து ஒன்று பரிசாகக் கொடுத்தேன். கோப்பில் ‘உற்சாகக் குறைவு, ஊக்கம் தேவை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, திருப்தியாக மீ கோரேங் சாப்பிடப் போனேன்.

காண்டீனில் ஓர் அக்கா இருந்தார். அவருக்கு ஆசிரியர், மாணவர் என்ற பேதம் கிடையாது, எல்லாருக்கும் ஒரே கரண்டி, ஒரே அதட்டல். அன்றைக்குத் தட்டை என் முன்னால் வைத்தவர் நகராமல் நின்றார். அந்தச் சிவப்புச் சட்டை பொண்ணைக் கூப்பிட்டுப் பேசினீங்களாமே, என்ன சொல்லுச்சு என்று கேட்டார். வயிற்றுவலியாம் அக்கா, ஓட இஷ்டமில்லையாம் என்றேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கரண்டியைக் கீழே வைத்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

“வயித்துவலியும் இல்ல, ஒன்னும் இல்ல. பயிற்சி நேரத்துல இங்க பின்னால அரிசி மூட்டை மேல உக்காந்து அழுவுது. மைக்ல அந்த ஆளு பேசுனதுக்கு. டீச்சர்ட்ட போயி சொல்லு பொண்ணுன்னேன். அவங்கதான் அக்கா மொதல்ல சிரிச்சாங்கன்னு சொல்லுச்சு.”

அலமாக், அட கடவுளே. மீ கோரேங் தட்டைத் தள்ளி வைத்தேன். அப்படி என்ன பேசினார் மைக் சார் என்று அக்காவிடம் கேட்டேன். உங்களுக்குத் தெரியாதா, நீங்கதானே கூடாரத்தைத் தூக்கிப் போட்டுச் சிரிச்சீங்க என்றார். அக்கா, காதில் சரியாக விழவில்லை என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் வாழ்க்கையில் எத்தனையோ மேலதிகாரிகள் என்னைத் திட்டியிருக்கிறார்கள், ஒன்றும் மனசில் நிற்கவில்லை. அக்காவின் அந்தப் பார்வை இன்னும் நிற்கிறது. கேட்காமலே சிரிச்சீங்களா என்று மட்டும் கேட்டுவிட்டு, வரிசையில் நின்ற பிள்ளைகளுக்குச் சோறு போடப் போய்விட்டார்.

அன்று மாலை வீட்டில் டிவியில் சிரிப்பு நிகழ்ச்சி ஓடியும் நான் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என் கணவர் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு அவமானமாக இருந்தது. ஓர் அறையும், கதவில் ‘உங்கள் குரலைக் கேட்கிறோம்’ என்று பலகையும் வைத்துக்கொண்டு, பிள்ளை அரிசி மூட்டையிடம் போகும்படி செய்திருக்கிறேன்.

மறுநாள் தர்ஷினியை அறைக்குக் கூப்பிடவில்லை. அந்த அறை அவளைப் பொறுத்தவரை நாற்பது நிமிஷத் தண்டனை. காண்டீன் பின்னால் நானே போனேன். அரிசி மூட்டை பக்கத்தில் கவிழ்த்திருந்த பால் பெட்டி மேல் உட்கார்ந்தேன். பெட்டி ‘படக்’ என்று உள்ளே போய், நானும் பாதி உள்ளே போனேன். வேறு நாளாக இருந்தால் பள்ளியே கேட்கும்படி சிரித்திருப்பேன். உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னைத் தூக்கிவிட்டாள். நின்றுகொண்டே சொன்னேன்: அன்றைக்கு நான் சிரித்தது தப்பு, அவர் என்ன சொன்னார் என்று கேட்காமலே சிரித்தேன், அது அதைவிடத் தப்பு, மன்னித்துக்கொள் பொண்ணு.

பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டுப் பார்த்திராத பிள்ளை, அவளுக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. காலால் மண்ணைக் கிளறிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். மைக் சார் சொன்னது அந்த ஒரு தடவை மட்டுமில்லை. பயிற்சி நாள்களிலும் மைக்கைச் சரிபார்க்கிறேன் என்று சொல்லி, அவளையும் இன்னும் சில பிள்ளைகளையும் அப்படித்தான் பேசினாராம். பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டு வகுப்பிலும் பேருந்திலும் அவளை அதையே பட்டப்பேராக வைத்துக் கூப்பிடுகிறார்களாம். நடுவில் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய சாதனை என்று என் கணவரிடம் கேட்டுப் பாருங்கள்.

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கடைசியில் கெஞ்சினாள். இங்கேதான் நீங்கள் எல்லாரும் சறுக்குவீர்கள், பாசத்தில் தலையை ஆட்டிவிடுவீர்கள். ஆட்டாதீர்கள்.

“அந்தச் சத்தியம் மட்டும் என்னால பண்ண முடியாதும்மா,” என்றேன். “ஆனா யார்ட்ட சொல்றதா இருந்தாலும் மொதல்ல ஒன்ட்ட சொல்லிட்டுத்தான் போவேன். நீ ஒரு தடவ சொல்லிட்ட. இனிமே யாரும் ஒன்னக் கூப்பிட்டு வச்சு என்ன சொன்னாருன்னு கேக்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு.”

அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதினேன், அவள் படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தினாள். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். அவரை ஏதாவது செய்ய வேண்டும் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

“ஓடணும் டீச்சர். நான் ஓடுறப்ப யாரும் ஒன்னும் பேசக்கூடாது. அவ்வளவுதான்.”

அவள் அம்மா செனாயில் தொழிற்சாலை வேலை, அப்பா விடியற்காலை பைக்கில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். இரண்டு பேரையும் பார்த்துப் பேசினேன். அப்பா உடனே பைக் சாவியை எடுத்துக்கொண்டு மைக் சார் வீட்டுக்குக் கிளம்பினார். நீங்கள் அவரை ஓர் அறை அறைந்தால் நாளைக்கு எல்லாரும் அந்த அறையைப் பற்றித்தான் பேசுவார்கள், நம்ம மகளைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள் என்று தர்ஷினியின் அம்மாதான் சாவியைப் பிடுங்கி வைத்தார். எனக்கே அந்தப் பேச்சு வந்திருக்காது.

விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. மறுநாளே மற்ற மூன்று தமிழ் ஆசிரியர்களும் என் மேசையைச் சுற்றி நாற்காலி போட்டுக்கொண்டார்கள். நல்லவர்கள்தான், கெட்ட எண்ணம் இல்லை. நாம் இருப்பதே ஐந்து பேர், நம்ம ஆளை நாமே பள்ளியின் மலாய் முதல்வரிடம் காட்டிக் கொடுத்தால் நம்ம மானம் என்ன ஆவது, நம்ம விவகாரத்தை நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், ஒரு மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம் என்றார்கள். இந்தப் ‘பேசித் தீர்த்துக்கலாம்’ இருக்கிறதே, நம்ம ஊரில் கோயில் தகராறிலிருந்து கல்யாணத் தகராறு வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. சாயங்காலம் ஒரு வீட்டில் கூடுவோம், டீயும் வடையும் வரும், பெரியவர் ஒருவர் பேசுவார், யாராவது அழுவார்கள், முடிந்தது. நானே அப்படி எத்தனையோ தீர்த்து வைத்திருக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் தர்ஷினி எங்கே உட்காருவாள் என்று யோசித்துப் பார்த்தேன். வடைத் தட்டுக்குப் பக்கத்தில், அவருக்கு எதிரில். இல்லை, முடியாது என்றேன்.

அப்புறம் மைக் சாரே வந்தார். கையில் சுடச்சுடக் கறிபாப் பலகாரம். எனக்குக் கறிபாப் என்றால் உயிர் என்று தெரிந்தவர். உட்கார்ந்ததும் எங்கள் அலுவலக ஏர்கோனைப் பற்றி ஒரு ஜோக் சொன்னார். பிள்ளைகளே, அது நல்ல ஜோக். அதுதான் கொடுமை. விக்கல் ஒன்று வந்தே விட்டது. மேசைக்கு அடியில் கால் கட்டை விரலை நாற்காலிக் காலில் ஓங்கி இடித்துக்கொண்டேன், கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பு வரவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பும் போய்விட்டது.

“சும்மா தமாஷ்தானே லா டீச்சர். நீங்களே சிரிச்சீங்க. நீங்க சிரிச்சதப் பாத்துதான் நான் அடுத்ததே சொன்னேன். மேல போச்சுன்னா நானும் அதச் சொல்ல வேண்டி வரும்.”

அவர் சொன்னதில் பொய்யே இல்லை. இரவெல்லாம் அந்தப் பேச்சு என்னைப் புரட்டி எடுத்தது. என் பேரும் கோப்பில் ஏறும். ஆலோசக ஆசிரியையே சிரித்தாராம் என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் பேசுவார்கள். ஓய்வு பெற நான்கே வருஷம் இருந்தது. பயமாக இருந்தது, மறைப்பானேன். காலையில் பல் துலக்கும்போதுதான் ஒன்று புரிந்தது. என் தப்பு என் சட்டைப்பையில் இருக்கும்வரை அது அவர் கையில் கத்தி. அதை நானே எடுத்து மேசையில் வைத்துவிட்டால் அவர் கையில் ஒன்றும் இல்லை. அறிக்கையின் முதல் வரியாக, ‘முதலில் சிரித்தது நான்’ என்று எழுதினேன். தர்ஷினியிடம் போய், இன்றைக்கு முதல்வரிடம் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

முதல்வர் ஒரு மலாய் அம்மையார், எங்கள் பள்ளிக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. சிரிக்கவே மாட்டார், என்னைக் கண்டால் நான்கடி தள்ளியே நிற்பார். அறிக்கையை இரண்டு தடவை படித்தார். தேர்வோட்டத்தன்று அவரும் கூடாரத்தில் இருந்தார். நீங்கள் சிரித்ததைப் பார்த்து நானும் புன்னகை செய்தேன், எனக்கு அது நினைவிருக்கிறது என்றார். அவர் குரலில் இருந்தது கோபமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும் இருந்திருக்கும்.

மறுநாள் மைக் சாரையும் அழைத்தார். அந்தப் பிள்ளை வர வேண்டாம், தாளில் இருப்பது போதும் என்று அவரே சொல்லிவிட்டார். அறையில் முதல்வர், துணை முதல்வர், மைக் சார், நான். மைக் சார் அழகான மலாயில் விளக்கம் கொடுத்தார். இது தமிழ் நகைச்சுவை, எங்கள் பண்பாட்டில் சகஜம், வேறு மொழிக்காரர்களுக்குத் தப்பாகத் தெரியும், இந்த டீச்சரே சிரித்தார் என்றார். அது முதல் வரியிலேயே இருக்கிறது என்று முதல்வர் தாளைத் தட்டிக் காட்டினார்.

முதல்வர் பேனாவை மூடினார். அவர் மலாயில் சொன்னதை நம் மொழியில் சொல்கிறேன்: “நீங்கள் மூன்று மொழியிலும் மைக் பிடிக்கிறவர். அந்த நகைச்சுவையை மலாயில் எனக்குச் சொல்லுங்கள். நானும் சிரிக்கிறேன்.”

மைக் சார் வாயைத் திறந்தார். “அந்தப் பிள்ளை...” என்று மலாயில் தொடங்கினார். நின்றது. மறுபடி தொடங்கினார். மலாயில் சரியாக வராது என்றார். அப்படியானால் ஆங்கிலத்தில் என்றார் முதல்வர். மைக் சார் தண்ணீர் குடித்தார். ஆயிரம் பேர் முன்னால் நிற்காமல் பேசுகிற மனிதர், நான்கு பேர் முன்னால் ஒரு வரி வரவில்லை. எனக்கோ பதற்றத்தில் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. கட்டை விரலை மறுபடி இடித்தேன், ஏற்கெனவே வீங்கியிருந்த விரல், உயிரே போனது. துணை முதல்வர் என்னைப் பார்த்து, டீச்சர் அழுகிறார் என்று நினைத்துத் டிஷ்யூத் தாள் எடுத்துக் கொடுத்தார்.

சொல்ல முடியாத நகைச்சுவை என்று எழுதிக்கொள்கிறேன் என்று முதல்வர் பேனாவைத் திறந்தார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நீங்கள் காலையில் திரையில் பார்த்த வழிதான். கடிதம் போனது, அதிகாரிகள் வந்தார்கள், இன்னும் நான்கு பிள்ளைகள் அவர்களாகவே வந்து பேசினார்கள், மைக் சாரை வேறு இடத்துக்கு, பிள்ளைகள் இல்லாத அலுவலக வேலைக்கு மாற்றினார்கள். வகுப்பிலும் பேருந்திலும் அந்தப் பேரைச் சொன்ன பையன்களோடு நான் ஒரு மாசம் உட்கார்ந்து பேசினேன், சிரிக்காமல். மற்ற மூன்று தமிழ் ஆசிரியர்களில் ஒருவர் இரண்டு வருஷம் என்னிடம் பேசவில்லை. எனக்கு அது வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது. அப்புறம் அவர் மகள் அதே பள்ளிக்கு வந்தாள், அவரும் பேச ஆரம்பித்தார்.

அந்த வருஷத்து விளையாட்டுப் போட்டி நாள் வந்தது. இல்லத்து ஆசிரியை கொடுத்த ஒரு வாரக் கெடுவுக்குள் தர்ஷினி பயிற்சிக்குத் திரும்பியதால் அவள் பேர் பட்டியலில் தப்பித்தது. அறிவிப்பாளர்தான் இல்லை. முதல்வர் என்னைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார். உங்கள் குரல் எல்லாருக்கும் கேட்கும் என்பது எனக்குத் தெரியும் என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே ஜோக் அதுதான் என்று நினைக்கிறேன்.

அலங்கோலம் என்றால் அன்றைக்கு நான் செய்ததுதான். ஈட்டி எறிய வந்த தடித்தடிப் பையன்களை ‘மாணவிகளே’ என்று வரவேற்றேன். கயிறிழுப்பில் தோற்ற நீல இல்லத்தை ஜெயித்ததாக அறிவித்துவிட்டேன், அவர்கள் ஒருவரையொருவர் தூக்கிக்கொண்டு திடலை ஒரு சுற்று சுற்றிவிட்டார்கள், இறக்கிவிட முடியவில்லை. காணாமல் போன பொருள் பட்டியலில் ‘இடது கால் சப்பாத்து ஒன்று’ என்று படித்ததும், அந்தப் பிள்ளை இப்போது எப்படி நடக்கும் என்று நினைத்துச் சிரித்து நாலு நிமிஷம் பேச முடியாமல் நின்றேன். காண்டீன் அக்கா சிராப் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, மூச்ச விடுங்க டீச்சர் என்றார்.

பெண்கள் நூறு மீட்டர் இறுதி ஓட்டம். பிள்ளைகள் கோட்டில் குனிந்தார்கள். தர்ஷினி கூடாரத்தின் பக்கம் ஒரே ஒரு தடவை பார்த்தாள். ஓட்டத்தின் பேரை அறிவித்துவிட்டு மைக்கை அணைத்தேன். அணைத்தது போதுமா என்று சந்தேகம் வந்தது. என்னை எனக்குத் தெரியுமே. மைக்கின் அடிப்பாகத்தைத் திருகி, இரண்டு பேட்டரியையும் வெளியே எடுத்துக் கைக்குள் இறுக்கிக்கொண்டேன். இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

துப்பாக்கி வெடித்தது. எங்கள் பள்ளித் திடலில் அப்படி ஓர் அமைதியை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. ஒலிபெருக்கி செத்துப் போய்விட்டதோ என்று பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். மண்ணில் கால் படுகிற சத்தம் மட்டும் வந்தது. பதினாலு விநாடி இருக்கும். நான் பொறுத்துக்கொண்ட எல்லாவற்றிலும் நீளமான பதினாலு விநாடி அதுதான். தர்ஷினி இரண்டாவதாக வந்தாள், மயிரிழையில். இரண்டாவது போதும், மாவட்டத்துக்குப் போகலாம்.

மூச்சு வாங்கிக்கொண்டே நேராகக் கூடாரத்துக்கு வந்தாள். நான் இன்னும் வாயைப் பொத்திக்கொண்டுதான் நின்றேன். ஏன் டீச்சர் மைக் வேலை செய்யவில்லையா என்று கேட்டாள். கையைத் திறந்து காட்டினேன். வியர்வையில் நனைந்து இரண்டு பேட்டரி. அவள் பேட்டரியைப் பார்த்தாள், பொத்தியிருந்த என் வாயைப் பார்த்தாள், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். அந்தப் பிள்ளைக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அசையவில்லை. என் கையிலிருந்து மைக்கை வாங்கி, பேட்டரி இரண்டையும் தானே உள்ளே போட்டுத் திருகி, பொத்தானை அழுத்தி, என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

“இப்ப சிரிங்க டீச்சர்.”

விக்கல் இரண்டு. மூச்சு நின்றது. அப்புறம் நான் சிரித்த சிரிப்பு பெரிய சாலையிலிருந்த பெட்ரோல் நிலையம் வரைக்கும் கேட்டதாம். கூடாரம் சிரித்தது, முதல்வரின் உதடுகூட ஒரு பக்கம் போனது, காரணம் தெரியாமலே திடல் முழுக்கச் சிரித்தது, வழக்கம்போலத்தான். ஆனால் அன்றைக்கு முதலில் சிரித்தது நானில்லை.